சட்டத்தின் முன் எல்லோரும் சமமா? அரசமைப்பின் 14-வது பிரிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டா மாறுதலை இழுத்தடித்தாலும், பதவி உயர்வில் நம் பெயர் விட்டுப்போனாலும், டெண்டர் வேண்டப்பட்டவருக்குப் போனாலும் நம்மூரில் முதலில் வாயில் வருவது "சட்டத்தின் முன் எல்லோரும் சமம்தானே?" என்ற கேள்விதான். சமம்தான். ஆனால் அந்தச் சமத்துவம் எதைத் தரும், எதைத் தராது என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பதில்கள் இந்தியச் சட்டத்தைப் பற்றியவை. இலங்கை வாசகர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு.

14-வது பிரிவு என்னதான் சொல்கிறது?

ஒரே வாக்கியம்தான். இந்திய எல்லைக்குள் எவருக்கும் சட்டத்தின் முன் சமத்துவத்தையோ, சட்டங்களின் சமமான பாதுகாப்பையோ அரசு மறுக்கக் கூடாது. அவ்வளவே.

இதில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. முதல் பாதி இங்கிலாந்து மரபில் வந்தது. மந்திரியோ மூட்டை தூக்குபவரோ, யாராக இருந்தாலும் அதே சட்டம், அதே கோர்ட். 1885-இல் டைசி என்ற சட்ட அறிஞர் இதைத் தெளிவாக எழுதி வைத்தார். இரண்டாம் பாதி அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த பிறகு 1868-இல் வந்த 14-வது திருத்தத்திலிருந்து எடுத்தது. ஒரே நிலையில் இருப்பவர்களை ஒரே மாதிரி நடத்து என்பது அதன் சாரம். இரண்டு நாட்டிலும் இதே 14 என்ற எண் அமைந்தது தற்செயல்தான். அதில் ரகசியம் எதுவும் இல்லை.

"குடிமகன்" என்று இந்தப் பிரிவில் இல்லை, "எவருக்கும்" என்றுதான் இருக்கிறது. ஆகவே வெளிநாட்டவருக்கும் அகதிக்கும் இது உண்டு, ஒரு கம்பெனிக்கும்கூட உண்டு. அருணாசலப் பிரதேசத்தில் சக்மா அகதிகளை விரட்டப் பார்த்தபோது 1996-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் நினைவுபடுத்தியது. சில உரிமைகள் குடிமக்களுக்கு மட்டும் உரியவை. சட்டத்தின் முன் சமத்துவம் அந்தப் பட்டியலில் இல்லை.

எல்லோரும் சமம் என்றால் பணக்காரருக்கு ஏன் அதிக வரி? பெண்களுக்கு ஏன் தனிச் சட்டம்?

எல்லோரையும் ஒரே மாதிரி நடத்து என்று 14-வது பிரிவு சொல்லவே இல்லை. அரசு ஆட்களை வகை பிரிக்கலாம். பிரித்தால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் சட்டத்தின் நோக்கத்தோடு ஒட்ட வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

1952-இல் வந்த அன்வர் அலி சர்க்கார் வழக்கு இதற்குச் சரியான உதாரணம். கல்கத்தா பக்கம் டம் டம்மில் இருந்த ஜெஸ்ஸாப் தொழிற்சாலையில் ஆயுதங்களோடு ஒரு கூட்டம் புகுந்து தாக்கியது. மேற்கு வங்க அரசு 1950-இல் ஒரு சட்டம் போட்டு, வழக்குகளை விரைந்து முடிக்கச் சிறப்பு நீதிமன்றங்களை அமைத்தது. எந்த வழக்கை அங்கே அனுப்புவது? அரசு நினைக்கும் எந்த வழக்கையும் அனுப்பலாம் என்று சட்டத்தில் எழுதியிருந்தது. சிறப்பு நீதிமன்றத்தில் நடைமுறை சுருக்கம், குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்கும் வாய்ப்புகளும் குறைவு. அங்கே தண்டிக்கப்பட்ட அன்வர் அலியும் மற்றவர்களும் ஒரே கேள்வியோடு மேலே போனார்கள். அதே குற்றத்தைச் செய்த இன்னொருவருக்குச் சாதாரண கோர்ட், எங்களுக்கு மட்டும் ஏன் இது? விரைவாக முடிக்க வேண்டும் என்பதைத் தவிர அரசிடம் பதில் இல்லை. எல்லா வழக்கையும்தான் விரைவாக முடிக்க வேண்டும்! அந்த அதிகாரம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டில் சௌராஷ்டிரா அரசின் இதே மாதிரிச் சட்டம் ஒன்று தப்பியது. எந்தப் பகுதியில் எந்த வகைக் குற்றங்கள் பெருகிவிட்டன, அதற்காக எந்தக் குற்றங்களைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அனுப்புகிறோம் என்று அந்த அரசால் சொல்ல முடிந்ததுதான் வித்தியாசம். வருமான வரிக்கும் இதே கணக்கு. கட்டும் சக்தியை வைத்துப் பிரிக்கிறார்கள். வரியின் நோக்கத்தோடு அது ஒட்டுகிறது.

வேறு வேறு பதவிக்கு வேறு வேறு நடைமுறை வைக்கலாமா? பெரிய அதிகாரிகளுக்கு மட்டும் பாதுகாப்பு தரலாமா?

தர முயன்றார்கள், செல்லவில்லை. மத்திய அரசில் இணைச் செயலர் பதவிக்கும் அதற்கு மேலும் இருப்பவர்கள் மீது ஊழல் புகார் வந்தால், முதற்கட்ட விசாரணையைத் தொடங்கக்கூட சி.பி.ஐ. முன்கூட்டியே மத்திய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று 2003-இல் டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டத்தில் 6ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கீழே இருக்கும் கிளார்க் லஞ்சம் வாங்கினால் நேராக விசாரிக்கலாம், மேலே இருப்பவர் என்றால் அவருடைய அரசிடமே போய்க் கேட்க வேண்டும்.

2014 மே மாதம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இதை ரத்து செய்தது. ஊழலை ஒழிக்கும் சட்டத்தில் பதவியின் உயரத்தை வைத்து ஆட்களைப் பிரிப்பது அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது என்றது. அந்தப் பிரிவு சேர்க்கப்பட்ட நாளிலிருந்தே செல்லாது என்று 2023-இல் இன்னொரு அரசியல் சாசன அமர்வும் தெளிவாக்கியது. இடையில் 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 17ஏ என்ற பிரிவு வந்தது. அதிகாரிகள் பணியில் எடுத்த முடிவுகள், செய்த பரிந்துரைகள் பற்றி விசாரிக்க முன் அனுமதி வேண்டும்; இந்த முறை எல்லாப் பதவிக்கும் சேர்த்து. 14-வது பிரிவை மீறாமல் பாதுகாப்புத் தரும் வழியை அரசு கற்றுக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காரணமே சொல்லாமல் அரசு ஒரு முடிவு எடுத்தால்?

அதுவும் 14-வது பிரிவுக்குள் வரும். இந்த வாசலைத் திறந்தது தமிழ்நாட்டு வழக்கு. தலைமைச் செயலராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி ராயப்பாவை 1972-இல் அந்தப் பதவியிலிருந்து எடுத்து வேறு பதவியில் போட்டார்கள். புதிய பதவியும் அதே தகுதிதான் என்றது அரசு. என்னை ஒதுக்குவதற்காகச் செய்தது, முதலமைச்சருக்கு என் மேல் கோபம் என்றார் அவர். உள்நோக்கத்தை அவரால் நிரூபிக்க முடியவில்லை, வழக்கில் தோற்றார்.

ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதி பகவதி எழுதிய பகுதிதான் நிலைத்தது. சமத்துவமும் தான்தோன்றித்தனமும் ஜென்ம விரோதிகள். ஒன்று சட்டத்தின் ஆட்சிக்குச் சொந்தமானது, மற்றது எல்லையற்ற மன்னனின் விருப்பத்துக்குச் சொந்தமானது என்ற பொருளில் எழுதினார். அதுவரை உன்னையும் இன்னொருவரையும் ஒப்பிட்டுக் காட்டினால்தான் வழக்கு நிற்கும். அதன் பிறகு, யாரோடும் ஒப்பிடாமலே "இந்த உத்தரவு வெறும் இஷ்டத்துக்குப் போட்டது" என்று கேட்கலாம் என்றானது. 1979-இல் டெண்டர் விஷயத்திலும் இதே வழியில் போனார்கள். மும்பை விமான நிலையத்தில் உணவகம் நடத்த டெண்டர் விட்டபோது, அறிவிப்பில் தகுதி என்று ஒன்றைப் போட்டுவிட்டு அந்தத் தகுதி இல்லாதவருக்கு ஒப்பந்தத்தைக் கொடுத்திருந்தார்கள். அரசு தான் போட்ட விதிக்குத் தானே கட்டுப்பட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இன்று டெண்டர் வழக்கு போடும் எல்லா வக்கீல்களும் அந்தத் தீர்ப்பைக் கையோடு எடுத்துப் போகிறார்கள்.

இட ஒதுக்கீடு சமத்துவத்துக்கு எதிரானது இல்லையா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதிகச் சூடாகக் கேட்கப்படுவதும் இதுதான். கதை சென்னையில் ஆரம்பிக்கிறது.

அன்றைய மதராஸ் மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களை வகுப்புவாரி அரசாணைப்படி பிரித்தார்கள். ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ-இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. அரசமைப்பு நடைமுறைக்கு வந்த 1950-லேயே சம்பகம் துரைராஜன் என்ற பிராமணப் பெண் வழக்கு போட்டார். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது ஒரு வேடிக்கை. உயர் நீதிமன்றத்திலும், பிறகு 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்திலும் அரசாணை விழுந்தது. கல்விக்கூடச் சேர்க்கையில் மத, சாதி காரணமாக மறுக்கக் கூடாது என்ற 29(2) பிரிவை வைத்துத்தான் தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டில் போராட்டம் வெடித்தது. இரண்டே மாதத்தில் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்று 15(4) சேர்ந்தது.

அப்போதும் கோர்ட்டுகள் இட ஒதுக்கீட்டைச் சமத்துவத்துக்கு ஒரு விதிவிலக்காகத்தான் பார்த்தன. 1975-இல் கேரள அரசு எதிர் தாமஸ் வழக்கில் அந்தப் பார்வை மாறியது. தலைமுறை தலைமுறையாகப் பின்னால் தள்ளப்பட்டவரையும் முன்னால் நிற்பவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிட்டால் அது சமத்துவம் ஆகாது. இட ஒதுக்கீடு சமத்துவத்தை உண்டாக்கும் வழிகளில் ஒன்று என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள்.

அப்படியானால் எந்த ஒதுக்கீடும் செல்லுமா என்றால், இல்லை. இங்கேயும் காரணம் காட்ட வேண்டும். 2021-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 சதவீதத்தில் வன்னியர்களுக்கு மட்டும் 10.5 சதவீதம் தனியாக ஒதுக்கித் தமிழ்நாடு சட்டம் போட்டது. மதுரைக் கிளை அதை ரத்து செய்தது; 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உள் ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. மீதி 115 சமூகங்களிலிருந்து ஒரு சமூகத்தை மட்டும் தனியாகப் பிரிக்கச் சமீபத்திய தரவு எங்கே என்றுதான் கேட்டது. கையில் இருந்தது 1980-களின் கணக்கு.

அருந்ததியருக்கு 2009-இல் பட்டியல் சாதியினரின் 18 சதவீதத்துக்குள் கொடுத்த 3 சதவீதம் நின்றது. 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில், பட்டியல் சாதியினருக்குள்ளும் உட்பிரிவு செய்யலாம் என்றது. மிகவும் பின்னால் இருப்பவருக்குக் கதவு திறக்கவில்லை என்று அரசு காட்ட முடிந்தால், பிரிப்பதே சமத்துவம் ஆகிவிடுகிறது. இந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் 14-வது பிரிவு வேலை செய்யும் விதம் முழுதாகப் புரிந்துவிடும்.

ஜனாதிபதி, கவர்னர், பிரதமர் மீது வழக்கு போட முடியாதா?

ஜனாதிபதிக்கும் ஆளுநருக்கும் 361-வது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. பதவியில் செய்த செயலுக்கு எந்த கோர்ட்டுக்கும் அவர்கள் நேரில் பதில் சொல்ல வேண்டாம். பதவிக்காலத்தில் குற்ற வழக்கு நடத்த முடியாது, கைது செய்ய முடியாது. சொந்த விஷயத்தில் சிவில் வழக்கு போடலாம், இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ் கொடுத்துவிட்டு. வெளிநாட்டுத் தூதர்களுக்கு 1961 வியன்னா உடன்படிக்கைப்படி தனி விலக்கு.

பிரதமருக்கும் முதலமைச்சருக்கும் இப்படி ஒன்றும் கிடையாது. பதவியில் இருக்கும்போதே பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் 2014 செப்டம்பரில் ஜெயலலிதாவைத் தண்டித்து, அவர் முதலமைச்சர் பதவியை இழந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

பிரதமருக்குத் தனி இடம் கொடுக்க ஒரு முறை முயன்றார்கள். 1975 ஜூன் 12 அன்று இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெருக்கடி நிலை வந்தது. ஆகஸ்டில் 39-வது திருத்தம் கொண்டுவந்து, பிரதமர், சபாநாயகர் தேர்தல்களை எந்த கோர்ட்டும் கேட்க முடியாது என்று ஆக்கினார்கள். நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை ரத்து செய்தது. நீதிபதிகள் ஆளுக்கொரு காரணம் எழுதினார்கள். ஒருவருடைய தேர்தலுக்கு மட்டும் சட்டமே பொருந்தாது என்பது சமத்துவத்தின் அடிப்படையையே உடைக்கிறது என்பது நீதிபதி சந்திரசூட் காட்டிய காரணங்களில் ஒன்று. முன்தேதியிட்டுக் கொண்டுவந்த தேர்தல் சட்டத் திருத்தங்கள் செல்லுபடியானதால் இந்திரா காந்தியின் பதவி தப்பியது. அது வேறு கதை.

பக்கத்து வீட்டு ஆக்கிரமிப்பை விட்டுவிட்டு என் வீட்டை மட்டும் இடிக்க வருகிறார்கள். இது 14-வது பிரிவுக்கு எதிரானதா?

நேராகச் சொன்னால், "அவனையும் இடி" என்று கேட்கலாம்; "அவனை விட்டாயே, என்னையும் விடு" என்று கேட்க முடியாது. ஒருவருக்குத் தவறாகக் கிடைத்த சலுகையைக் காட்டி அதே தவறை எனக்கும் செய் என்று கேட்கும் உரிமை சட்டத்தில் இல்லை. உச்ச நீதிமன்றம் இதை 1995-இலிருந்து பலமுறை சொல்லியிருக்கிறது. வேலை விஷயத்திலும் இதே கதைதான். விதியை மீறி ஒருவருக்குப் பணி நியமனம் கொடுத்தார்கள் என்பதற்காக உங்களுக்கும் விதியை மீறித் தர மாட்டார்கள்.

ஆனால் இரண்டு விஷயங்களை விட்டுவிடாதீர்கள். முதலாவது நோட்டீஸ். அரசு நிலம் என்றால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி முதலில் 7-வது பிரிவில் நோட்டீஸ் கொடுத்து உங்கள் பதிலைக் கேட்க வேண்டும். பிறகுதான் 6-வது பிரிவில் வெளியேற்ற உத்தரவு. எண் பின்னுக்கு முன்னாக இருப்பதால் பலரும் குழம்புகிறார்கள். 7-வது பிரிவு நோட்டீஸ் வந்தால் எழுத்தில் பதில் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, உள்நோக்கம். 2024 நவம்பரில் புல்டோசர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான விஷயம் சொன்னது. ஒரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டை மட்டும் திடீரென்று தேர்ந்தெடுத்து இடித்துவிட்டு, அதே தெருவில் அதே மாதிரிக் கட்டடங்களைத் தொடாமல் விட்டால், அது விசாரணை இல்லாமல் கொடுக்கும் தண்டனை என்று ஊகிக்க இடமுண்டு. இடிப்பதற்கு 15 நாள் நோட்டீஸ் வேண்டும் என்றும் சொன்னது. சாலை, ஆற்றங்கரை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் கட்டியவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

தனியார் கம்பெனி பாரபட்சம் காட்டினால் 14-வது பிரிவைக் காட்டலாமா?

முடியாது. இந்தப் பிரிவு அரசை மட்டும்தான் கட்டும். அரசுத் துறை, உள்ளாட்சி, பொதுத்துறை நிறுவனம், அரசு வங்கி எல்லாம் "அரசு"க்குள் வரும். தனியார் அமைப்பு பொது வேலை ஒன்றைச் செய்தால் அந்த வேலை அளவுக்கு உயர் நீதிமன்றம் கேள்வி கேட்கலாம். சென்னைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் மீது அதன் ஆசிரியை போட்ட ரிட் மனு (அரசின் அல்லது பொது அமைப்பின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேராகப் போடும் மனு) செல்லும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அதற்காகத் தனியார் எதையும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. கடை, ஹோட்டல், கிணறு, சாலை இவற்றில் சாதி மதம் பார்த்துத் தடுப்பதை 15(2) நேராகத் தடை செய்கிறது. தீண்டாமையை 17-வது பிரிவு ஒழிக்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தண்டனை தருகிறது. இரட்டைக் குவளை வைத்திருக்கும் டீக்கடைக்காரருக்கு எதிராக 14-வது பிரிவைத் தேட வேண்டாம், அதைவிட வலுவான ஆயுதங்கள் கையிலேயே இருக்கின்றன.

பணம் இருப்பவனுக்கு உடனே ஜாமீன், இல்லாதவன் உள்ளே. இது என்ன சமத்துவம்?

நியாயமான கோபம். இதற்கு மோத்தி ராம் வழக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு ஏழைக் கொத்தனார். உச்ச நீதிமன்றமே அவரை ஜாமீனில் விடச் சொல்லிவிட்டது. கீழே இருந்த மாஜிஸ்ட்ரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார். அவருடைய அண்ணன் தம்பி ஒருவர் முன்வந்தார். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அவரைத் தள்ளிவிட்டார்கள். ஜாமீன் உத்தரவு கையில், ஆள் சிறையில்.

1978-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கேட்டுக் கொதித்துப்போனார். ஒரு தமிழரோ மலையாளியோ வடக்கே எங்கோ கைதானால் உள்ளூரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார். மாவட்டத்தை வைத்து ஆளைப் பிரிப்பது 14-வது பிரிவுக்கு ஒத்துவராது என்று சொல்லி, 1,000 ரூபாய்க்குச் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார். அடுத்த ஆண்டே பீகார் சிறைகளில், குற்றத்துக்கு உரிய தண்டனைக் காலத்தைவிட அதிக நாள் விசாரணைக் கைதிகளாகக் கிடந்தவர்கள் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கு வந்தது.

இத்தனை ஆண்டுகள் கழித்தும் உள்ளூர் ஜாமீன்தாரர், ரேஷன் கார்டு, சொத்து வரி ரசீது என்று கேட்கும் பழக்கம் போகவில்லை. சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவுப்படி, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ இல்லாத குற்றத்தில், அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்தவரை ஜாமீனில் விட வேண்டும். முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது.

சிறைக்குள் சாதி பார்க்கலாமா?

2024 அக்டோபர் வரை பல மாநில விதிப் புத்தகங்களில் இருந்தது. சமையல் ஒரு சாதிக்கு, கக்கூஸ் கழுவுவது இன்னொரு சாதிக்கு என்று எழுத்திலேயே வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அவற்றை 14 உள்ளிட்ட பிரிவுகளின்படி ரத்து செய்தது, கைதிகளின் பதிவேட்டில் இருக்கும் சாதிக் கட்டத்தையும் எடுக்கச் சொன்னது.

அந்தத் தீர்ப்பில் நம்ம பாளையங்கோட்டையும் வருகிறது. அங்கே கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் வைத்திருந்தார்கள். சண்டை வராமல் இருக்கத்தான் என்று அதிகாரிகள் சொன்னதை முன்பு உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருந்தது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது சிறை நிர்வாகத்தின் வேலை. அதற்காகச் சாதிப் பிரிவினையை அரசே நடத்த முடியாது என்றது. "நிர்வாக வசதி" என்பது ஒரு காரணம்தான், ஆனால் எல்லாக் காரணமும் போதுமான காரணம் ஆகிவிடாது.

கோயிலில் சிறப்புக் கட்டணம் கட்டினால் தனி வரிசை. இதை எதிர்த்து வழக்கு போடலாமா?

போட்டார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த மனுவை ஏற்கவில்லை. சிறப்பு மரியாதை கூடாது என்பதே தங்கள் கருத்தாக இருந்தாலும், இது சமூகமும் கோயில் நிர்வாகமும் முடிவெடுக்க வேண்டிய விஷயம் என்று ஒதுங்கிக்கொண்டது. என்னைக் கேட்டால், சாமி முன்னால் நிற்க ரேட் போடுவதை நியாயப்படுத்த நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வேலையில் பெண்ணுக்கு மட்டும் தனி விதி வைத்தால்?

1979-இல் முத்தம்மா வழக்கு. இந்திய வெளியுறவுப் பணிக்கு வந்த முதல் பெண் அவர். பெண் அதிகாரி கல்யாணம் செய்வதற்கு முன் அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பால் வேலை கெடும் என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்று விதி இருந்தது. ஆணுக்கு இப்படி ஒன்றும் இல்லை. ஆணுக்கும்தான் குடும்பம் இருக்கிறது என்று கோர்ட் குத்திக் காட்டியது. வழக்கு நடக்கும்போதே அவருக்குப் பதவி உயர்வு கொடுத்து அரசு நழுவிக்கொண்டது, விதியும் போனது.

1981-இல் ஏர் இந்தியா பணிப்பெண்கள் வழக்கு. முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும் என்பதையோ செல்லும் என்று விட்டது. இன்றைக்கு அந்தப் பகுதியைப் படித்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நெருக்கடி நிலை வந்தால் இந்த உரிமை இருக்குமா?

நிறுத்தி வைக்கலாம். 359-வது பிரிவின் கீழ் ஜனாதிபதி உத்தரவு போட்டால் 14-வது பிரிவுக்காக கோர்ட்டுக்குப் போக முடியாது. 1975 ஜூனில் அப்படித்தான் செய்தார்கள். 1978-இல் வந்த 44-வது திருத்தம் 20, 21 பிரிவுகளைத்தான் காப்பாற்றியது, 14-ஐ அல்ல.

இலங்கையில்?

1978 அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை இதே வேலையைச் செய்கிறது. 2018-இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தை இடையில் கலைத்தபோது சம்பந்தனும் மற்றவர்களும் போட்ட அடிப்படை உரிமை மனுவில், ஏழு நீதியரசர்கள் ஒருமனதாக அந்தக் கலைப்பு 12(1)-ஐ மீறுகிறது என்றார்கள். காலக்கெடுதான் அங்கே மிக இறுக்கம். உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும்; அங்கே உயர் நீதிமன்றம் என்பது கொழும்பில் இருக்கும் நாட்டின் உச்ச கோர்ட்.

சரி, எனக்குப் பாரபட்சம் நடந்துவிட்டது. எங்கே போவது, என்ன கொண்டுபோவது?

226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. தென் மாவட்டம் என்றால் மதுரைக் கிளை, மற்றவர்களுக்குச் சென்னை. 32-வது பிரிவில் நேராக உச்ச நீதிமன்றம் போகலாம்தான். பெரும்பாலும் முதலில் உயர் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.

போவதற்கு முன் காகிதம் சேருங்கள். அதிகாரி வாயால் சொன்னது எதுவும் நிற்காது. எழுத்தில் மனு கொடுத்து, எழுத்தில் உத்தரவு கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மூன்றைக் கேளுங்கள்: உங்கள் மனு மீதான கோப்புக் குறிப்புகள், அதே காலத்தில் அதே மாதிரி மனு கொடுத்தவர்களுக்குப் போட்ட உத்தரவுகள், எந்த விதியின் கீழ் முடிவெடுத்தார்கள் என்பது. 30 நாளில் பதில் வர வேண்டும். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் பல வழக்குகளை ஜெயிக்க வைக்கிறது. உங்களைப் போலவே இருக்கும் இன்னொருவருக்குக் கொடுத்ததைக் காட்டிவிட்டால், ஏன் என்று விளக்கும் சுமை அரசுப் பக்கம் சாயும்.

ரிட் மனுவுக்கு இத்தனை நாள் என்று கெடு இல்லை. ஆனால் காரணமில்லாமல் ஆண்டுக்கணக்கில் தூங்கிவிட்டுப் போனால் அதற்காகவே தள்ளுபடி ஆகும். ஆறு மாதத்துக்குள் போவது நல்லது என்று வக்கீல்கள் சொல்வார்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.